கடைசிப் பிஸ்டனின் லாக்

“...ஒரு கம்பி வளையத்துக்கு இன்னாத்துக்கு மேஸ்திரி இம்மாம் பயம்? துணியப் போட்டு மூடிக்கினு, பிரசவமா பாக்கிற?” என்றார் வேன்காரர், மெக்கானிக்கின் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி.

அந்தத் தலை அன்று காலைதான் மலையில் மொட்டையாகியிருந்தது. இன்ஜின் நல்லபடியாக ஓடினால் முடி தருவதாக வேண்டிக்கொண்டவர், முருகனுக்கு முன்பணமாகவே செலுத்திவிட்டார். மெக்கானிக்குக்கு அப்படித் தரும் பழக்கம் அவரிடம் இல்லை. மண்டையில் சந்தனம் இன்னும் காயாமல் தடிமனாகப் பூசியிருந்தது.

அவசரம் அவருக்கு. மறுநாள் திருப்பதியில் அக்கா மகள் கல்யாணம். “பஸ்ஸு எதுக்கு? மாமன் வேன் கீதில்ல” என்று பொதட்டூர்பேட்டை முழுக்கச் சொல்லி, பெண் வீட்டார் பேசிவைத்திருந்த பஸ்ஸையும் வேண்டாமென்று நிறுத்திவிட்டார். அந்த வேன்தான் பட்டறையில் வயிறு திறந்து கிடந்தது.

பக்கத்தில் எனக்குச் சைக்கிள் கடை. கைக்கு வேலை குறைவு, காதுக்கு நிறைய.

பிஸ்டனைத் தண்டோடு பிணைக்கும் ‘பின்’ என்ற சிறு உருளை நகராமலிருக்க, இருபுறமும் ஒரு லாக் போடுவார்கள். வாய் பிளந்த எஃகு மோதிரம் மாதிரி இருக்கும். குறட்டால் சுருக்கி அதற்கான காடிப் பள்ளத்துக்குள் விட வேண்டும், நழுவினால் பறந்துவிடும். துணி அதற்குத்தான். புது லாக்குகளை மெட்ராஸிலிருந்து வேன்காரரே ரயிலில் போய் வாங்கி வந்திருந்தார். ஒன்றுகூட மிச்சமில்லை. “எக்ஸ்ட்ரா வாங்கி ஊறுகாயா போடுவாங்க?” என்று கேட்டவர் அவர்.

கடைசிப் பிஸ்டன், கடைசி லாக். “எங்க, நானும் பாக்கிறேன்” என்று வேன்காரர் துணியை உருவினார். ‘ட்டிங்’ என்றது. குறட்டு முனையில் ஒன்றுமில்லை.

எண்ணெய் ஊறிய மண்ணில் மூவரும் மண்டியிட்டோம். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய என் காந்தத்தைக் கொண்டுவந்து தடவினேன். ஊரில் தொலைந்த ஆணியெல்லாம் கிடைத்தது.

“பழசு டப்பாவுல கீதே, அதையே மாட்டு. பாக்க நல்லாத்தான் கீது.”

“வீம்பு போன லாக் நைனா அது, விறைப்பே இல்ல. ஓடும்போது கழண்டா சிலிண்டரையே கீறிடும். கல்யாணப் பொண்ண நடுரோட்டுல எறக்கி விடுவீங்களா?”

நைனா டப்பாவை மூடித் தள்ளிவைத்தார். நாளைக்கு உறவெல்லாம் பஸ் ஸ்டாண்டில் மூட்டையோடு நின்று தன்னைப் பேசப்போவது இப்போதே காதில் விழுந்திருக்கும். ஆனாலும் மேற்பார்வையை விடவில்லை. “அங்க பாரு, இங்க தள்ளு. சே, இந்த ஈ வேற, நடுமண்டையில குந்திக்கினு குத்துது!” கையெல்லாம் கரி எண்ணெய், பிரசாதச் சந்தனத்தைத் தொட மனமில்லாமல் தலையை மட்டும் சிலுப்பிக்கொண்டார்.

எதிரே தவழ்ந்து வந்த மெக்கானிக் அந்த மண்டையையே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“நைனா, ஆடாதீங்க. அந்த ஈயைக் கொஞ்சம் குடுங்க.”

குறட்டால் சந்தனத்திலிருந்து லாக்கைப் பிடுங்கினார். நான் சிரிப்பை அடக்க முயன்று தோற்றேன். மெக்கானிக் சிரிக்கவில்லை, மண்ணெண்ணெயில் அலசித் துடைத்து, குறட்டில் பிடித்தபடி வேன்காரரைப் பார்த்தார்.

நைனா கல்யாணத்துக்கென்று வாங்கித் தோளில் போட்டிருந்த சரிகைத் துண்டை உருவினார். பிஸ்டன் மேல் விரித்து, கரிக் கையால் இருபுறமும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, உள்ளே ‘டக்’ என்று கேட்கும்வரை முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.