மொட்டைமாடியில் காயப்போட்ட மணிகள்

என் மகன் போலீஸுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறான் என்று ரோஸி சொன்னாள். எதிர்வீட்டுக்காரி. என் வாசலில் நின்றுகொண்டு, என்னிடம் வாங்கிய கறிவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஒளிஞ்சிருக்கிறவன் ஜன்னலோரமா உக்காந்து நாள் பூரா பைப்பை ராவிக்கிட்டு இருப்பானா ரோஸி?"

"நான் சொல்லலக்கா, தெருவுல பேசிக்கிறாங்க. மூட்டை மூட்டையா கல்லுப்பு எறங்குது. ஆள் உசரத்துக்கு ஒரு நீல சிலிண்டர் கீது. கேட்டா நான் இன்னா சொல்றது?"

"என் பிள்ளை தண்ணி சரி பண்றான்னு சொல்லு."

"அதுக்குத்தான் கேன் தண்ணி கீதே. மாடில வேற மஞ்சளா என்னமோ காயுது."

"அது அவன் கழுவி வச்ச மணி. நேத்து நான்தான் காயப்போட்டேன்."

உள்ளே அரம் ராவுகிற சத்தம் நின்றது.

அதற்கு மேல் சொல்லுமுன் அசாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் இளைய மகன், வயது முப்பத்தாறு. பெருங்குடியில் ஒரு ஆபீஸ் கட்டடத்துக் காப்பிக் கடையில் ஒன்பது வருஷம் மெஷின் பார்த்தான். பால் நுரையில் இலை மாதிரி படம் போட்டுத் தருவான். தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அதை எடுக்க ஒரு சாஃப்ட்னர் வையுங்கள் என்று முதலாளியிடம் மூன்று தடவை சொன்னான். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்றார்கள். ஒருநாள் மெஷினுக்குள் சுண்ணாம்பு ஓடு கட்டி அடைத்து, ஆவி சீறி, கூட வேலை பார்த்த பிரசன்னாவின் கை வெந்துவிட்டது. கை ஆறி, பிரசன்னா வேறு வேலைக்கும் போய்விட்டான். பள்ளிக்கரணையில்தான் வீடு. எத்தனையோ தடவை போன் பண்ணினான். இவன் எடுக்கவில்லை. நான் நாலாவது தடவையும் சொல்லியிருக்கணும் என்பான். அன்றிலிருந்து வேலையும் இல்லை, பதினாலு மாசம் வாசப்படி தாண்டவில்லை. ஜும்ஆ தொழுகைக்காவது போடா என்றேன், போகவில்லை. முடிவெட்டுகிறவர் வீட்டுக்கு வருகிறார். பிள்ளை என்ன நவாபா?

வீட்டில் ஒரு சின்ன காப்பி மெஷின் இருக்கிறது, நல்ல நாளில் வாங்கினது. துணி போட்டு மூடியே கிடந்தது. இந்த ரம்ஜான் முடிந்து திடீரென்று சொன்னான்: "சாஃப்ட்னர் வச்சு இதை ஓட்டப் போறேன்மா. ஆறு மாசம் ஓடி உள்ளே ஓடு கட்டலன்னா, பிரசன்னா மூஞ்சியில முழிப்பேன்."

ஆறு மாசமா என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஆகாது என்றான் பாருங்கள், அதற்கு மட்டும் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. செம்பாக்கம் ஏரியை ஒட்டிய கிணறு. முப்பத்தெட்டு வருஷமாகக் குடிக்கிறேன். கேன் தண்ணீரும் ஆகாதாம், அதில் ஒன்றுமே இல்லையாம், காப்பி சப்பென்று இருக்குமாம். பிறகு எந்தத் தண்ணீர்தான் ஆகும்?

ஊரப்பாக்கத்தில் மூடிப்போன ஒரு பியூட்டி பார்லரிலிருந்து பழைய சாஃப்ட்னரைப் போனிலேயே பேசி வாங்கினான். ரோஸி சொன்ன நீல சிலிண்டர் அதுதான், லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது. திறந்தால் சாக்கடை நாற்றம். உள்ளே இருந்ததெல்லாம் கேழ்வரகு மாதிரி பொடி மணிகள், துரு ஏறிச் சிவந்து. சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொள்வது அந்த மணிதானாம். என் பிரியாணி தேக்சாவில் கொட்டி, பதினைந்து நாள் அலசினான். உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், மறுபடி உப்புத் தண்ணீர். வாஷரெல்லாம் மாற்றினான். அடியில் விரிசல் விட்டிருந்த சல்லடையை ஒட்டி ராவினான். மணி தேன் நிறத்துக்கு வந்தது.

எனக்கோ தேக்சா வேண்டும். கழுவின சாமானை ஈரத்தோடு யாராவது மூடி வைப்பார்களா? மிளகானாலும் பருப்பானாலும் வெயிலில் காட்டித்தானே டப்பாவில் போடுவோம். அவன் தூங்கும்போது வெள்ளை வேட்டி விரித்து மாடியில் பரப்பிவிட்டேன். ஒரு மணி கூடச் சிந்தவில்லை.

ரோஸியிடம் நான் அதைச் சொன்னதும் அசார் மாடிக்கு ஓடினான். அந்த மாடிக்கும் பதினாலு மாசம் கழித்து அன்றுதான் ஏறினான், தெரு பார்க்கும் என்று போகவே மாட்டான்.

"யாரும்மா இதைக் காயப்போடச் சொன்னது?"

"பூஞ்சை புடிக்காதா?"

"இது ஈரத்துலதான் இருக்கணும்மா. காஞ்சதைத் தண்ணில போட்டா வெடிச்சுடும்."

எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு பிடி அள்ளி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டேன். பொரிகிற மாதிரி சத்தம் வந்தது. நெருங்கிப் பார்த்தால் அத்தனையும் நொய்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மிச்சத்தைக் கெட்டியான உப்புக் கரைசலில் ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்து, பாதியைக் காப்பாற்றினான். பாதி போதாது. குரோம்பேட்டையில் இந்த மணி விற்கிற கடைக்குப் போன் போட்டான். பழைய மணி கொஞ்சம் கொண்டுவந்து காட்டுங்கள், பார்த்துத்தான் தருவேன் என்றார் கடைக்காரர். போனை வைத்துவிட்டுத் தேக்சாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். எனக்குத் தெரியும், இதோடு மூடிவிடுவான். மெஷின் மேல் மறுபடி துணி.

நான் புர்காவைப் போட்டுக்கொண்டு பையை எடுத்தேன்.

"எங்கம்மா?"

"கெடுத்தது நான். நானே போய் வாங்கிட்டு வரேன்."

"உனக்கு பஸ் போர்டு படிக்கத் தெரியாது."

"வாய் இருக்கு. கேட்டுக்குவேன்."

"குரோம்பேட்டை கேட்டா ஊரப்பாக்கத்துல போய் நிப்ப."

"நின்னா நிக்கிறேன். உனக்கென்ன, நீ ஜன்னல்ல உக்காரு."

இதை எழுதித் தருகிற என் பேத்தி ஆஃபியா, நான் நடிச்சேன் என்கிறாள். நடிப்பெல்லாம் இல்லை. வாசப்படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். அவன் வந்து என் கையிலிருந்த பையைப் பிடுங்கினான். செருப்பு ரேக்கிலேயே கிடந்து விறைத்திருந்தது. காலை நுழைக்க எவ்வளவோ நேரமாயிற்று. நான் உதவப் போகவில்லை. தெருவில் இறங்கினான்.

ரோஸி மறுபடி கேட் அருகில் நின்றிருந்தாள். வேறு வேலை இருந்தால்தானே.

"இன்னா அசாரு, எங்க கெளம்பிட்ட?"

"பள்ளிக்கரணை வரைக்கும்கா."

கடை இருப்பது குரோம்பேட்டையில், பள்ளிக்கரணையில் இருப்பது பிரசன்னா வீடு. உள்ளே திரும்பிப் பார்த்தேன். காட்டுவதற்கு எடுத்து வைத்த மணி டப்பா மேஜை மேலேயே இருந்தது. கூப்பிடலாமென்று வாயெடுத்தேன். அதற்குள் முனை திரும்பிவிட்டான்.