எதிர்க்கடைத் தனுஜாவும் என் கொப்பியும்

"ஐயோ அத்தே, நம்பர வாயால சொல்லாதீங்க!" என்று கத்திக்கொண்டே தனுஜா இரண்டு காதிலும் விரலைச் செருகிக்கொள்கிறாள். மேசைக்கு இந்தப் பக்கம் பேச்சியம்மா, தேயிலைக் கொழுந்துக் கறை படிந்த விரலால் போனைத் தடவியபடி, "அடி போடி, நீ நம்ம வீட்டுப் புள்ளதானே, ஒன்கிட்ட சொன்னா என்னா?" என்கிறார். "வீட்டுப் புள்ளதான். அதுக்காக ஒங்க ட்ரங்குப் பெட்டி சாவிய நான் கேட்டேனா? நீங்களே அமத்துங்க." அந்த அம்மா போன் பூட்டுக்கான நாலு எண்ணை அமத்தி முடிக்கப் பத்து நிமிடம். என் கடையில் அது அரை நிமிட வேலை. ஆனால் கூட்டம் என்னவோ அங்கேதான்.

இதையெல்லாம் தினமும் பார்க்கிற பாக்கியம் எனக்கு எப்படி என்றால், ராகலை பஜாரில் அவளுடைய போன் கடைக்கு நேர் எதிர்க்கடை என்னுடையது. லோரன்ஸ் கொமினிகேஷன், பதினாறு வருடம். அவள் வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. எனக்குப் பொறாமைதான், மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் கடை வாசலில் செருப்புகள் கிடக்கிற கிடையைப் பார்த்தால் எனக்குக் காலைத் தேத்தண்ணி கசக்கிறது.

இருபத்தொன்பது வயது. ஆம்பிளை சுவெட்டர், முழங்கை வரை மடித்துவிட்ட கை. பழுது பார்க்க வந்த போனின் கமராவில் முதலில் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டுவாள், பிறகுதான் திறப்பாள். ஆள் எண்ணை அமத்தி முடித்ததும் போன் கண்ணாடியைத் துணியால் துடைப்பாள். "வெரல் தடம் காட்டிக் குடுத்துரும்" என்பாள். வாட்ஸ்அப்பைப் பற்றி அவள் பாடம் எடுக்கும்போது நான் ரீலோட் கார்டு அடுக்குவதுபோல் காதைக் கொடுத்திருப்பேன். "நீங்க அனுப்புறது அனுப்புனவங்களுக்கும் வாங்குனவங்களுக்கும் மட்டுந்தான் வெளங்கும். நடுவுல இருக்கிற கம்பனிக்காரனுக்கே வெளங்காது. ஆனா போன தொறந்து இன்னொருத்தன் கையில குடுத்தீங்கன்னா அம்புட்டுப் பூட்டும் வேஸ்ட்." சின்னப் பெண் பேசுகிறாள், தலை நரைத்தவர்கள் ஆமாம் போடுகிறார்கள். நான் சொன்னால் எவன் கேட்டான்?

தோட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு செக்ரோல் நம்பர், பேர்ப்பதிவு நம்பர், உண்டு. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார். கொழுந்து நிறுக்கும்போதும் அதே நம்பர்தான். பிறந்த தேதி மறந்தவர்களுக்கும் அது மறக்காது. அதனால் போன் வாங்கியதும் அந்த மூன்று இலக்கத்துக்கு முன்னால் ஒரு சைபரைச் சேர்த்து, அதையே பூட்டாக வைத்துவிட்டார்கள். முந்நூறு பேர் காதில் விழக் கூவுகிற நம்பர்! நானும் அது தப்பென்று நினைக்கவில்லை. யாராவது மறந்தால் உதவுமே என்று ஒரு சி.ஆர். கொப்பியில் பேரும் நம்பருமாக எழுதி வேறு வைத்திருந்தேன்.

தனுஜா ஒருநாள் விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்கே போய் நின்றாள். "பெரட்டுல கூப்புடுற நம்பர பூட்டுக்கு வைக்கிறதும், பூட்டிட்டு சாவிய கதவுலயே தொங்க விடுறதும் ஒன்னுதான். ஒங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒன்ன நெனச்சு வைங்க. எனக்கும் சொல்ல வேணாம்." அவ்வளவுதான். ஒரு மாதத்தில் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம், ஆளுக்கொரு ரகசியம். என் மனைவி கேத்ரினும் மாற்றிக்கொண்டாள், அதுவும் அந்தக் கடையில். என்ன நம்பர் என்று கேட்டால், "தனுஜா சொல்லக் கூடாதுன்னிருக்கா" என்று ஒரு சிரிப்பு. கல்யாண நாளை அமத்திப் பார்த்தேன், என் பிறந்தநாளை அமத்திப் பார்த்தேன், திறக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு இது தேவையா?

போன மாதம் சம்பள உயர்வு கேட்டுத் தோட்டத்து ஆட்கள் பெக்டரி வாசலில் உட்கார்ந்தார்கள். அங்கே நடந்த தள்ளுமுள்ளில், முன்னால் நின்ற வீரய்யாவின் போன் பறிபோனது. யார் யார் கூடிப் பேசினார்கள் என்பதெல்லாம் அதற்குள் இருந்தது, எழுபது பேர். பேர் வெளியே வந்தால் எழுபது வீட்டிலும் அடுப்பெரியாது. மறுநாள் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். எந்தக் கந்தோரில் வேலை என்று சொல்லவில்லை. முதலில் தனுஜாவிடம் போனார்கள். வீரய்யாவின் போனை மேசையில் வைத்து, திறக்கச் சொன்னார்கள். அவள் எழுந்து நின்று, "தன்னே நே மாத்தயா" என்றாள். தெரியாது ஐயா. ஒருவன் மேசையைத் தட்டினான். அவள் மறுபடி அதையே சொன்னாள். பொய் சொன்னால் முகம் காட்டிக் கொடுக்கும், அவளுக்கோ நிஜமாகவே தெரியாது.

பிறகு ரோட்டைக் கடந்து என் கடைக்கு வந்தார்கள். வாசகர்களே, நான் வீரன் இல்லை. கடை லைசன்ஸைப் பற்றி ஒருவன் ஒரு வார்த்தைதான் கேட்டான், என் கை தானாகக் கொப்பியை எடுத்தது. வீரய்யா, சைபர் இரண்டு ஒன்று நாலு. அவன் அமத்தினான். திறக்கவில்லை. இன்னொரு தடவை அமத்தினான். கொப்பியைத் தூக்கி என் முகத்தில் எறிந்துவிட்டுப் போனார்கள். எழுபது பேரும் தப்பினார்கள். நான் காட்டிக் கொடுத்தவன்தான், கொடுத்தது பலிக்கவில்லை, அவ்வளவே. எழுபது வீட்டுப் பாவம் என் தலையில் விழாமல் காப்பாற்றியதும் அவள் மாற்றச் சொன்ன நம்பர்தான், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பஜாருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் என் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கொப்பியை அடுப்பில் போட்டுவிட்டு, தூறலில் ரோட்டைக் கடந்தேன். "தங்கச்சி, எனக்கும் ஒரு பூட்டு போட்டுக் குடும்மா." நாலு வார்த்தை ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்கும் சுகமாக இருந்திருக்கும். அவள் என் போனை வாங்கி, இரண்டு தட்டுத் தட்டி, நம்பர் கேட்கிற இடத்துக்குக் கொண்டுவந்து என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"அமத்துங்க அண்ணே. நான் போயி ரெண்டு தேத்தண்ணி வாங்கிட்டு வாறேன்."

மேசையில் கிடந்த மற்றவர்களின் போன்களையெல்லாம் வாரி, மேசை லாச்சியை இழுத்து அதற்குள் போட்டாள். பூட்டினாள். சாவியை எடுத்துக்கொண்டாள். பிறகு, சுவெட்டர் பையிலிருந்து தன்னுடைய போனை எடுத்துத் திறந்து, வெளிச்சம் அணையாமல் அப்படியே என் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மழையில் இறங்கிப் போனாள்.