மூன்றாம் படியில் துண்டு பிடிக்க ஓர் ஆள்

தையற்காரி ஞானஸ்நானத் தண்ணீரில் இறங்காமல் இருப்பதற்கு ஏதோ பழைய பாவம்தான் காரணம் என்று சபையில் பேச்சு கிளம்பியிருந்தது. அவள் காதுக்கு அது நேராக வரவில்லை. பாட்டுக்குழுவில் யாரோ சொல்லி, அதை இஸ்திரிக்காரரின் மனைவி கேட்டு, புருஷனுக்குச் சாப்பாடு போடும்போது ஒப்பித்து, அவர் திங்கட்கிழமை காலை ஒரு கோட்டுக்கு ஆவி காட்டிக்கொண்டே இவளிடம் கொட்டினார்.

"நான் சொல்லலம்மா. சொல்றாங்க. உனக்கப்புறம் வந்தவங்க எல்லாம் ஞானஸ்நானம் எடுத்தாச்சு, நீ மட்டும் வருஷக்கணக்கா கரையிலயே நிக்கிறியாம். மனசுல எதையோ மறைச்சு வச்சிருக்கியாம்."

"நீங்க என்ன சொன்னீங்கண்ணே?"

"பாவம், நீச்சல் தெரியாது அதுக்குன்னு சொல்லி வச்சேன். இடுப்பளவு தண்ணிக்கு நீச்சல் எதுக்குன்னு கேட்டுட்டா என் வீட்டுக்காரி. அதுக்கு மேல எனக்கு வாய் வரல."

அவள் சிரித்து வைத்துவிட்டு மிஷினில் குனிந்தாள். மறைத்து வைத்திருப்பது உண்மைதான். இடம்தான் கொஞ்சம் தப்பு. மனசில் இல்லை, மனசுக்கு மேலே, தோலில். ஆறு வருஷத்துக்கு முன்னால் இடது மார்பை எடுத்துவிட்டிருந்தார்கள்.

சலவைக் கடையின் பின்னறைதான் அவள் வேலையிடம். ஒரு மிஷின், ஒரு ஜன்னல், ஆளுயரக் கண்ணாடி ஒன்று. வாங்கிய உடுப்பு சரியாக உட்காராதவர்கள் அந்தக் கண்ணாடி முன் வந்து நிற்பார்கள். இடது தோளுக்கு ஓர் அளவு, வலது தோளுக்கு ஓர் அளவு என்று அவள் தனித்தனியாகத்தான் எடுப்பாள். எல்லாவற்றுக்கும் எதற்கு இரண்டு தடவை என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். அவள் தாழ்ந்த தோளுக்குள் மெல்லிசாக ஒரு பட்டையை வைத்துத் தைத்துக் கொடுத்துவிடுவாள். அவர்களும் கண்ணாடியில் பார்த்து, இப்போதுதான் துணி சரியாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் இரண்டு பக்கமும் ஒரே அளவாயிருந்த ஒருவரைக்கூட அவள் பார்த்ததில்லை.

சபையின் ஞானஸ்நான அங்கிகளையும் அவள்தான் தைத்தாள். சிகிச்சை முடிந்த புதிதில், மழைக்கு ஒதுங்க இடமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே சபையின் கதவு திறந்திருக்கிறதே என்று நுழைந்தவள். அப்புறம் போகாமலிருக்க முடியவில்லை. தண்ணீரில் அங்கி குடைபோல் விரிந்து மேலே வந்துவிடக் கூடாது என்று, திரைச்சீலைகளுக்கு வைக்கும் ஈயக் குண்டுகளைக் கீழ் மடிப்பில் வைத்துத் தைக்கிற யோசனை அவளுடையது. மார்புப் பக்கம் இரட்டைத் துணி வைப்பதும் அவள் யோசனைதான். ஆனாலும் நனைந்த துணி உடம்போடு ஒட்டும். தொட்டியிலிருந்து ஏறுகிற ஒவ்வொருவரையும் கடைசி வரிசையிலிருந்து பார்த்து, யார் உடம்பு எங்கே தெரிகிறது என்று மனசுக்குள் குறித்துக்கொள்வாள். யாரும் வேறு யாரையும் அப்படிப் பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

இஸ்திரிக்காரர் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு வீம்பில் புதன்கிழமை போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள். பாஸ்டரம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வர்ற ஞாயித்துக்கு அடுத்த ஞாயிறு. துண்டு பிடிக்க யாரைக் கூட்டிட்டு வர்ற?"

அது அந்தச் சபையின் வழக்கம். தொட்டியின் மூன்றாம் படியில் சொந்தத்தில் ஒருவர் துண்டோடு நிற்க வேண்டும். தண்ணீருக்குள் போனவர் எழுந்து வரும்போது முதலில் தொடுவது அவர் கைதான்.

"கட்டாயம் ஆள் வேணுமாம்மா? துண்டைக் கம்பியில போட்டுட்டா நானே எடுத்துக்குவேன்."

"கம்பி உன்னைக் கட்டிப் பிடிக்குமா? வீட்டு ஆளு ஒருத்தர் வேணும். யாரும் இல்லன்னா நான் நிக்கிறேன்."

"தங்கச்சி இருக்கா," என்றாள். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

தங்கை ரயிலில் மூன்று மணி நேரத் தூரத்தில் இருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், தன் முதல் பிரசவத்துக்கு அக்கா வந்துவிடுவாள் என்று நம்பிப் பெட்டியெல்லாம் கட்டி வைத்திருந்தாள். அந்த வாரம்தான் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிள்ளைத்தாய்ச்சியிடம் இதை எப்படிச் சொல்வது என்று, "வேலை நெருக்குது, வர முடியல" என்று சொல்லி போனை அணைத்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்துத் தங்கையே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இந்தா என்று நீட்டினாள். அறுவை செய்த இடம் இன்னும் இழுத்துக்கொண்டிருந்த நேரம், அக்காவுக்குக் கை மேலே எழும்பவில்லை. அவள் ஓரடி பின்னால் போனாள்.

"பிள்ளையைத் தூக்கக்கூட உனக்கு மனசு வரலையாக்கா?" என்று தங்கை கேட்டாள். அக்கா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தங்கை இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு பிறந்தநாள் வாழ்த்து மட்டும் வந்துபோனது.

பெயர் கொடுத்த மூன்றாம் நாள், சனிக்கிழமை மதியம், தன் அங்கியைத் தைத்து முடித்தாள். தன் பழைய அளவுச் சீட்டைப் பார்த்து வெட்டியது அது, இரண்டு பக்கமும் ஒன்றுபோல. இடது பக்கம் உள்ளே பஞ்சு வைத்துப் பொதியாகத் தைத்திருந்தாள். வீட்டுக் குளியல் தொட்டியை நிரப்பி, அங்கியோடு உள்ளே உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். எழுந்தபோது பொதி தோளுக்குப் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தது. பிரித்து, உள்ளே இரண்டு ஈயக் குண்டு வைத்து, மறுபடி சாய்ந்தாள். இந்த முறை அது வயிற்றுக்கு இறங்கிவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை.

தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. ஆண்டவர் உயிர்த்தெழுந்து, பூட்டிய அறைக்குள் வந்து, பயந்து கிடந்தவர்களுக்குத் தம் கையையும் விலாவையும் காட்டியதை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறாள். இன்றைக்குத்தான் ஒரு தையற்காரியாக அதை யோசித்தாள். சாவையே வென்றவருக்கு அந்தத் தழும்பை ஒட்டுத் தெரியாமல் எடுத்துவிட முடியாதா? எடுக்கவில்லை. அந்த உடம்பில் அதைக் குறையென்று அவர் எண்ணவில்லை. மறைக்கவில்லை, கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அப்படியானால் தண்ணீருக்குள் அவர் யாரை எதிர்பார்க்கிறார்? ஆறு வருஷத்துக்கு முந்தைய அளவுச் சீட்டிலிருக்கிற பெண்ணையா?

அவள் எழுந்து, கண்ணாடியில் ஆவியைத் துடைத்தாள். நாடாவை எடுத்தாள். ஊர் உடம்பையெல்லாம் அளந்தவள், அறுவைக்குப் பிறகு தன்னை அளந்ததேயில்லை. வலது பக்கம் ஓர் அளவு. இடது பக்கம் ஓர் அளவு. தழும்பின் மேல் நாடாவைப் படிய வைத்தாள். இரண்டையும் புதுச் சீட்டில் எழுதினாள்.

அங்கியைப் பிழிந்து காயப்போட்டு, இஸ்திரி போட்டு உலர்த்தி, இடது பக்கத்தைப் பிரித்து உடம்புக்குத் தக்கபடி உள்ளே பிடித்துத் தைத்தாள். பொதியைக் குப்பைக்கூடையில் போட்டாள். மேசையிலிருந்து பார்த்தால் கூடையின் விளிம்பில் கொஞ்சம் பஞ்சு தெரிந்தது. எழுந்து போய் மூடியை மூடினாள்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உதறினார்கள்.

தங்கையிடம் என்ன சொல்வது? துண்டு பிடிக்க வா என்றா, அன்றைக்குப் பிள்ளையை ஏன் தூக்கவில்லை என்றா? இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதைக் கேட்க வழியில்லை. இரண்டாவதைச் சொன்னால், ஆறு வருஷமா எங்கிட்டச் சொல்லலையா என்று அவள் போனை வைத்துவிடலாம். ஊசிமுனையால் நகத்தைச் சுரண்டிக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மேசையில் வைத்தாள்.

மணி போனது. "நான்தான்," என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். "அக்கா பேசறேன்." மூன்றாவது மணி, நான்காவது. அவள் நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.