கணுக்கால் பிடி

என் அண்ணன் வீரணன் திருச்சுழிப் பக்கம் ஒரு கல்குவாரியில் வெடி வைக்கிறவர். வாலிபத்தில் கபடி ஆடியவர். பாடி வந்த ஆள் கோட்டைத் தாண்டப் போகும்போது விழுந்து கணுக்காலைப் பிடிப்பார். விசில் ஊதும்வரை விடமாட்டார். மல்லாங்கிணறு ஆட்டத்தில் வாயில் மிதி வாங்கி முன்பல் போனபோதும் விடவில்லை. மிதித்தவர் பக்கத்து ஊர் மாரிக்கண்ணன்.

குவாரி வெடி அதிர்ந்து அதிர்ந்து மாரிக்கண்ணனின் கிணறு இடிந்தது. அவர் ஊர்க்காரர்கள் வந்து டிப்பர் லாரிகளை மறித்தார்கள். முதலாளி அண்ணனிடம், "சும்மா செவப்புக் கொடியக் காட்டிக் கத்துப்பா, ஓடிருவாங்கெ" என்றார். அண்ணனும் "வெடி, வெடி" என்று கத்தினார். கூட்டம் விழுந்தடித்து ஓடியது. மாரிக்கண்ணனின் தாயார் பெத்தம்மாள் மிதிபட்டு இடுப்பு ஒடிந்தார். வெடி எதுவும் வெடிக்கவில்லை.

ஆடி கழிந்து மறுபடி வந்தார்கள். இந்த முறை கம்பும் அரிவாளுமாக நேரே பள்ளத்துக்குள் இறங்கிவிட்டார்கள். அண்ணன் அப்போதுதான் குழிகளுக்குத் திரி கொளுத்தியிருந்தார். ஜல்லி உடைக்கும் பெண்கள் நாங்கள் வழக்கம்போல் பெரிய பாறைக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தோம். அண்ணன் எங்களை நோக்கி ஓடி வந்தவர், கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி அவர்களிடமே ஓடினார்.

"வெடி! வெடி! மேல ஏறுங்கப்பா!"

மாரிக்கண்ணன் சிரித்தார். "ஏலே, அன்னைக்கும் இப்படித்தானலே கத்துன. எங்காத்தா இடுப்புதான் ஒடிஞ்சுச்சு."

"மாரி, இன்னைக்கு நெசம்டா. திரி பத்திருச்சு."

"அப்ப நீ ஏன்டா இங்கன நிக்கிற? ஓடு பாப்போம்!"

கம்பு அண்ணன் மண்டையில் இறங்கியது. இன்னொன்று விலாவில். ரத்தம் கண்ணை மறைக்க, துடைத்துக்கொண்டு திரி இருந்த பக்கம் பார்த்தார். எல்லாவற்றையும் பிடுங்க நேரமில்லை. பிறகு எங்கள் பாறையைப் பார்த்தார். அப்படியே மாரிக்கண்ணனின் காலடியில் குனிந்தார்.

"கால்ல விழுகுறான்டோய்!" என்று ஒருவன் கூவினான்.

அண்ணன் கணுக்காலைப் பிடித்து வாரினார். மாரிக்கண்ணன் மல்லாக்க விழுந்தார். சரளையில் தலை இடிபட இடிபட, அண்ணன் அவரைப் பாறைப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினார். மொத்தக் கூட்டமும் வெறிகொண்டு பின்னால் வந்தது. மாரிக்கண்ணனின் தம்பி மணிகண்டன் வீசிய அரிவாள் அண்ணனின் தோளில் இறங்கி எலும்பில் நின்றது. பிடி தளரவில்லை. வெட்டிக்கொண்டும் அடித்துக்கொண்டும் எல்லோரும் பாறையைச் சுற்றி வந்த நேரத்தில் பள்ளம் வெடித்தது.

சற்று முன் அவர்கள் நின்ற இடத்தில் ஆட்டுரல் பெரிசில் கற்கள் வந்து விழுந்தன. புழுதி அடங்கியது. மணிகண்டன் வெறுங்கையோடு நின்றான்.

"வீரணா, வெடிச்சிருச்சுடா. காலை விடு" என்றார் மாரிக்கண்ணன்.

அண்ணன் கண் செருகிக் கிடந்தார். காதில் ஏறவில்லை. மாரிக்கண்ணன் தன் துண்டைச் சுருட்டி அவர் தோளில் வைத்து ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார்.