பானெட் நுனியில் வைத்த கற்பூரம்

1. விரலில் தெரிந்தது

பிளேடு எதிலோ தட்டியது. காதில் கேட்கவில்லை. விரலில் தெரிந்தது.

கார் பெயிண்டின் மேல் ஒட்டும் ஃபிலிமை அறுக்கும்போது பிளேடு வழுக்கிக்கொண்டு போகும், வெண்டைக்காய் நறுக்குவது போல. அடியில் பெயிண்டில் பட்டால் மணலில் பட்டது போல நறநறக்கும். எனக்கு நறநறத்தது. ஒரு நொடிதான்.

அது புது ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. இரண்டே கதவு. ஓடியது மொத்தமே நூறு கிலோமீட்டர் இருக்காது. அந்தச் சிவப்பு கம்பெனியில் பல அடுக்காக அடித்தது. பெரம்பலூரில் யாராலும் அந்த நிறத்தைக் கொண்டுவர முடியாது. நான் ஃபிலிம் வேலைக்கு வருமுன் பதினெட்டு வருடம் பெயிண்டராக இருந்தவன். என்னாலும் முடியாது.

எதிரில் ஜாகிர் பாய் ஃபிலிமின் மறு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார். அப்போது நாங்கள் இரண்டு பேர்தான் கடை. பெரிய வேலைக்கு நாலு கை வேண்டும்.

"என்னப்பா நிறுத்திட்ட? சூடு ஆறுது" என்றார்.

நிறுத்தினால் ஃபிலிம் சுருங்கிவிடும். ஹீட் கன் காட்டினேன். ஃபிலிம் இளகி இன்னும் ஒரு விரல் அகலம் உள்ளே மடிந்தது. பிளேடு தட்டிய இடம் ஃபிலிமுக்கு அடியில் போய்விட்டது.

வேலை முடிந்த பிறகு முட்டி போட்டு, பானெட் நுனிக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன். முடி போல ஒரு கோடு. பெயிண்டிலா, ஃபிலிமிலா, பசையிலா, தெரியவில்லை. பிரித்தால்தான் தெரியும். பிரித்தால் அந்த ஃபிலிம் வீண்.

ஜாகிர் பாயும் குனிந்து பார்த்தார்.

"நின்னு பாத்தா தெரியுதா?"

"தெரியல பாய்."

"அப்புறம் என்ன? கார் வாங்குனவன் தரையில படுத்தா பாக்கப் போறான்? விடு."

விட்டுவிட்டேன். அது தப்பு.

2. எது நல்லது?

அந்த ஃபிலிமைத் தேர்ந்தெடுத்த கதையையும் சொல்ல வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

காருக்குச் சொந்தக்காரர் கலியமூர்த்தி அண்ணன். ஊர் கீழப்பழுவூர் பக்கம். சொந்தமாக ஏழு லாரி. சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரிகள். முப்பது வருடம் அந்தப் புழுதியிலேயே இருந்த மனுஷன். ஐம்பத்தைந்து வயதில் ஆசைப்பட்டு இந்தக் காரை வாங்கினார்.

கடைக்கு வந்து மூன்று தாளை மேசையில் போட்டார். மூன்று கம்பெனி விளம்பரத் தாள்.

"எல்லாத்துலயும் ஒண்ணேதான் போட்டுருக்கான் சேகரு. பத்து வருசம் கேரண்டி, கல்லு பட்டாலும் கீறாது, பளபளன்னு இருக்கும். எது நல்லது சொல்லு."

"எனக்குத் தெரியாதுண்ணே."

"என்னடா கடைக்காரன் இப்படிச் சொல்ற?"

"இதுல போட்டுருக்க ரோட்டப் பாருங்க. பனி பேஞ்சு கெடக்கு. நம்ம ரோட்ல ஒட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

பிபிஎஃப் என்று சொல்லும் இந்த ஃபிலிம், பெயிண்டுக்கு மேல் போடுகிற இன்னொரு தோல். கல் அடித்தால் அது வாங்கிக்கொள்ளும். மலிவானது பிவிசி. அதற்கு மேல் டிபியு. அது ரப்பர் போல இழுபடும், லேசான கீறல் சூடு பட்டால் மறையும். டிபியுவில் எட்டு மில், பத்து மில் என்று கனம் உண்டு. ஒரு மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இது எல்லாக் கடையிலும் சொல்வார்கள். எந்த ஊர் ரோட்டுக்கு எது என்று தாளில் இருக்காது.

"உங்க லாரி ஒண்ணு குடுங்க" என்றேன்.

மருதமுத்து ஓட்டுகிற லாரியைக் கொடுத்தார். அண்ணனிடம் பதினாறு வருடமாக இருக்கும் டிரைவர். லாரியின் முகத்தைச் சுத்தம் செய்து, உள்ளங்கை அளவில் மூன்று துண்டு ஒட்டினேன். பிவிசி, எட்டு மில், பத்து மில்.

மருதமுத்து பார்த்துவிட்டுச் சொன்னார். "ஏன் மாஸ்டரு, என் வண்டிக்கு என்ன அடிபட்டுச்சுன்னு பிளாஸ்திரி போடுறீங்க?"

"கழுவாதீங்க. இருபத்தோரு நாள் அப்படியே ஓட்டுங்க. முன்னாடி போற லாரிய ஒட்டிக்கிட்டே போங்க."

"அதுக்குத்தான பொறந்துருக்கேன்."

அந்த மூன்று வாரமும் சிவப்புக் கார் ஷெட்டில் உறை போட்டுக் கிடந்தது. கலியமூர்த்தி அண்ணன் தினமும் உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடுவாராம். இடையில் ஒரு நாள் போன் செய்தார்.

"மேட் ஃபிலிம் போட்டா டெரரா இருக்குமாம்ல?"

"பளபளப்பு வேணாம்னா சிவப்பு எதுக்குண்ணே வாங்குனீங்க?"

"அதுவும் சரிதான்" என்று வைத்துவிட்டார்.

இருபத்திரண்டாம் நாள் லாரியைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். மேலே இருந்த சிமெண்ட் தூசி பனியில் நனைந்து, வெயிலில் காய்ந்து, ஓடாக இருந்தது. ஊறவைத்துக் கழுவினேன். பிவிசி பழுப்பாகி மூன்று இடத்தில் கிழிந்திருந்தது. உரித்தால் பசை லாரியிலேயே நின்றது. எட்டு மில்லில் ஒரு கல் பெயிண்ட் வரை போயிருந்தது. பத்து மில்லில் தழும்பு நிறைய. வெந்நீர் ஊற்றினேன். பாதி மறைந்தது. உரித்தேன். கீழே லாரியின் பெயிண்ட் அப்படியே இருந்தது.

கலியமூர்த்தி அண்ணன் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். "என் லாரி கல்லுலேர்ந்து என் காரக் காப்பாத்த நானே செலவு பண்ணணும். பத்தே போடு" என்றார்.

தேர்ந்தெடுத்தது சரி. ஆனால் கனமான ஃபிலிமுக்கு ஒரு குணம் உண்டு. சுலபமாக மடியாது. அந்தக் காரின் பானெட் நுனி கிளி மூக்கு போல மெல்லிசாக வளைந்திருக்கும். கம்ப்யூட்டரில் வெட்டி எடுக்க அந்த மாடலுக்கு அளவு கிடைக்கவில்லை. காரின் மேலேயே வைத்து பிளேடால் அறுக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் விரலில் நறநறத்தது.

3. ஆயுத பூஜை

ஆறு மாதம் போனது. கார் நன்றாக ஓடியது. அண்ணன் நாலு பேரிடம் என் கடையைச் சொல்லி அனுப்பினார். ஒவ்வொருவர் வரும்போதும் எனக்கு அந்தக் கோடு ஞாபகம் வரும். அண்ணன் கார் கழுவ வந்தால் நான் முன்பக்கம் போக மாட்டேன். ஜாகிர் பாயை அனுப்புவேன். அன்று மதியம் நின்றபடியே இரண்டு வாய் சாப்பிடுவேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை கார் வந்து நின்றது. அண்ணன் இறங்கினார். முகம் சரியில்லை. இந்தப் பக்கக் கதவைத் திறந்து மருதமுத்து இறங்கினார். வலது உள்ளங்கையில் கட்டு.

பானெட் நுனியில் ஒரு ரூபாய் காசு அளவில் ஃபிலிம் கருப்பாக உருகியிருந்தது. நேர் கீழே என் கோடு.

"சொல்லுடா. என்ன பண்ணுனன்னு நீயே சொல்லு" என்றார் அண்ணன்.

மருதமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஏழு லாரிக்கும் பம்பர்ல கற்பூரம் வெச்சுக் கொளுத்திக்கிட்டே வந்தேன் மாஸ்டரு. கடைசியா இது நின்னுச்சு. இதுக்குப் பம்பரே இல்ல, எல்லாம் சரிஞ்சு கெடக்கு. மேல வெச்சேன்."

"வெச்சானாம்! பெரிய கட்டியா பாத்து வெச்சுருக்கான். நான் கத்துறேன், இவன் கன்னத்துல போட்டுக்கிட்டு நிக்கிறான்."

"சாமி கும்புடயில கண்ண மூடித்தானங்க இருப்பேன். அப்புறம் கையாலயே தள்ளிட்டேன்ல."

"பெயிண்டு மட்டும் போயிருக்கட்டும். நாளையிலேர்ந்து நீ என் வண்டியத் தொடக்கூடாது. பதினாறு வருசமாவது, மண்ணாவது."

மருதமுத்து கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். அவர் வலது கையில் செம்புக் காப்பு போட்டிருந்தார். தடியான காப்பு. நெருப்பைத் தள்ளியது அந்தக் கைதான்.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. பிரித்தால் கீழே கோடு இருக்கும். உருகிய ஃபிலிமோடு சேர்த்துக் காப்பு கீறியது என்று எல்லோரும் சொல்வார்கள். யாருக்கும் சந்தேகம் வராது.

ஜாகிர் பாய் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார். "வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு. நெருப்போட நெருப்பா போயிடும்" என்றார். பிறகு அவரே மருதமுத்துவின் கைக்கட்டைப் பார்த்தார். "யா அல்லா" என்றார்.

நான் முன்னால் வந்தேன்.

"அண்ணே, பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நுனிக்கு அடியில ஒரு கோடு இருக்கு. ஃபிலிம் போட்ட அன்னைக்கு என் பிளேடு தட்டுச்சு. பெயிண்டுல பட்டுச்சா தெரியல. பட்டுருந்தா அது நான் பண்ணுனது. இவரு இல்ல."

அண்ணன் என்னையே பார்த்தார்.

"ஆறு மாசமா தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"பயம்."

"இப்ப பயம் இல்லையா?"

"இருக்கு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பிரி" என்றார்.

4. பிரித்தோம்

ஃபிலிமைப் பிரிக்க அவசரப்படக் கூடாது. ஆவி காட்டி, பசை இளகிய பிறகு, தாழ்வாகப் பிடித்து, பெயிண்டை ஒட்டினாற்போல் இழுக்க வேண்டும். மேலே தூக்கி இழுத்தால் பெயிண்டும் கூட வரலாம். மேலிருந்து ஆரம்பித்தேன். நுனிக்கு வர ஒரு மணி நேரம் ஆனது. மருதமுத்து ஒரு ஓரமாக நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

கற்பூரம் எரிந்த இடம் வந்தது. ஃபிலிம் கருகிக் கெட்டியாக இருந்தது. ஆவியைத் தள்ளிப் பிடித்து, நகத்தால் நெம்பினேன். வந்தது. கீழே வெளுத்தாற்போல் ஒரு வட்டம். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தேன். அது பசை. போய்விட்டது. சிவப்பு அப்படியே இருந்தது.

"பெயிண்டு இருக்குண்ணே."

அண்ணன் எழுந்து வந்தார். விரலால் தடவினார். எட்டு மில்லாக இருந்தால் நெருப்பு உள்ளே போயிருக்கும் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியாது.

மருதமுத்து அப்போதுதான் மூச்சு விட்டார். அது எனக்குக் கேட்டது.

"கீழ இருக்குறதப் பிரி" என்றார் அண்ணன்.

மடிப்பைப் பிரித்தேன். ஃபிலிம் முழுதாக என் கையில் வந்துவிட்டது. ஜாகிர் பாய் டார்ச் எடுத்தார். நான் குனிவதற்குள் அண்ணன் வெள்ளை வேட்டியோடு ஈரத் தரையில் முட்டி போட்டுவிட்டார்.

"எங்கடா கோடு?"

நானும் முட்டி போட்டேன். பார்த்தேன். நகத்தை வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டினேன். கீறல் இருந்தால் நகம் மாட்டும். மாட்டவில்லை. மறுபடி ஓட்டினேன்.

ஜாகிர் பாய் பிரித்த ஃபிலிமைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். "இங்க வந்து பாருங்கப்பா" என்றார்.

கோடு ஃபிலிமின் பசையில் இருந்தது. இழுத்ததில் விழுந்த கோடு. அதன் முனையில் கடுகில் பாதி அளவில் ஒரு கல் துகள். லாரி ஷெட்டில் கிடந்த கார்தானே. எவ்வளவு கழுவியும் விளிம்பின் அடியில் ஒன்று தங்கிவிட்டது. பிளேடு தட்டியது அதில்தான். பெயிண்டில் இல்லை.

"இந்தக் கல்லுக்காடா ஆறு மாசம் என்னப் பாக்காம ஓடுன?" என்றார் அண்ணன்.

நான் ஒதுங்கியது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"என் லாரியில வந்த கல்லு. என்கிட்டயே வாடகை குடுக்காம ஒட்டிக்கிட்டு இருந்துருக்கு."

முதலில் சிரித்தது ஜாகிர் பாய். பிறகு எல்லோரும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டயர் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

மருதமுத்து மெதுவாகக் கேட்டார். "மொதலாளி, அப்ப நாளைக்கு லோடுக்குப் போவலாமாங்க?"

"கை வெந்து கெடக்கு, ஸ்டியரிங்க எதுலடா புடிப்ப? பத்து நாளு வூட்ல கெட. சம்பளம் வரும்."

"சரிங்க."

"அடுத்த வருசம் கற்பூரத்தத் தட்டுல வெய்யி."

"சரிங்க."

பானெட்டுக்கு மறுபடியும் பத்து மில்தான் போட்டோம். இந்த முறை பிளேடு எடுக்கவில்லை. நூல் டேப் என்று ஒன்று உண்டு. ஃபிலிமுக்கு அடியில் டேப்பை ஒட்டிவிட்டு, அதில் இருக்கும் நூலை இழுத்தால் ஃபிலிம் அறுபடும். காரில் கத்தி படாது. அது முன்பே எனக்குத் தெரியும். என் கை பதினெட்டு வருடக் கை என்ற நினைப்பில் வாங்காமல் இருந்தேன்.

கிளம்பும்போது அண்ணன் ஜன்னலை இறக்கினார். "இனிமே தட்டுனா அன்னைக்கே சொல்லு. திட்டுவேன். திட்டிட்டுப் போயிடுவேன்" என்றார்.

அன்று மதியம் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டு முறை சோறு வாங்கினேன்.

5. அதற்குப் பிறகு

எந்த ஃபிலிம் நல்லது என்று கேட்பவர்களுக்கு: கார் ஓடப்போகும் ரோட்டில் ஒட்டிப் பாருங்கள். தாளைப் பார்க்காதீர்கள். விளிம்பின் அடியைக் கையால் தடவிவிட்டு ஒட்டுங்கள்.

இன்னொன்று. போன மாதம் ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு வாத்தியாரின் கார் வந்தது. பழைய ஸ்டிக்கரை எடுக்கும்போது கதவு ஓரத்தில் நிஜமாகவே கீறிவிட்டேன். இரண்டு அங்குலம். துணியை வைத்துவிட்டு உடனே போன் செய்தேன். திட்டினார். பஸ் பிடித்து வந்து நேரிலும் திட்டினார். பாலிஷ் போட்டுச் சரி செய்தேன். பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

அன்றும் மதியம் நன்றாகவே சாப்பிட்டேன்.