சும்மா கூட உட்கார்ந்தவர்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் பேச்சு வேறு எங்காவது போய்விடும். எனக்கு ஏழு வருஷமாக ஓர் அரியர் இருந்தது. எம்.எஸ்சி. தாவரவியல். எல்லாத் தாளும் பாஸ், புராஜெக்ட் மட்டும் கொடுக்கவில்லை. பாப்பிரெட்டிப்பட்டியைச் சுற்றியுள்ள புளியந்தோப்புகளில் முளைக்கும் களைச்செடிகளைப் பற்றிய ஆய்வு. செடிகளைப் பறித்தாகிவிட்டது, செய்தித்தாளுக்குள் வைத்துக் காயவைத்தாகிவிட்டது, பட்டியலும் போட்டாகிவிட்டது. எழுதுவது மட்டும்தான் பாக்கி. அந்த 'மட்டும்'தான் ஏழு வருஷம் ஆனது.

வீட்டில் நான் எம்.எஸ்சி. முடித்தவள். ஓசூரில் இருக்கும் என் காதலிக்கும் நான் எம்.எஸ்சி. முடித்தவள்தான். ஆமாம், காதலி. ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறாள். நாலு வருஷப் பழக்கம். போன வருஷக் கடைசியில் அங்கே ஒரு வீடு பார்த்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு அறிவியல் டீச்சர் வேலையும் பேசி வைத்துவிட்டாள். "சர்டிபிகேட்டோட ஜூன்ல வந்துரு. அப்புறம் உங்க வூட்டுல யாரும் மாப்பிள்ளை பார்க்கறேன்னு கெளம்ப முடியாது" என்றாள். வந்துவிடுகிறேன் என்றேன். எந்த சர்டிபிகேட்டோடு என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதல்ல. ஒருநாள் 'அடுத்த மாசம் கொடுத்துவிடப் போகிறோம், இப்போதே முடிந்த மாதிரிதான்' என்று நினைத்து வாயைத் திறந்தேன். அந்த அடுத்த மாசம் வரவே இல்லை.

இந்த நிலையில்தான் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. பழைய அரியர்காரர்களுக்குக் கடைசி வாய்ப்பு. மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் புராஜெக்டை நேரில் கொடுக்க வேண்டும். தவறினால் படித்ததெல்லாம் போச்சு.

எனக்கு இருப்பது ஏடிஎச்டி என்று சேலத்து டாக்டர் ஒருவர் என் இருபத்தொன்பதாம் வயதில் சொன்னார். ஒன்று, மனசு எதிலும் நிற்காது. இல்லையென்றால், நின்ற இடத்தைவிட்டுக் கிளம்பாது. டியூஷன் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் பாடம் நடத்துவேன். என் சொந்த வேலை என்று லேப்டாப்பைத் திறந்தால், கீபோர்டில் இருக்கிற தூசியைத் துடைக்கத் தோன்றும். துடைக்கத் துணி வேண்டும். துணி எடுக்க பீரோவைத் திறந்தால் பீரோ ஒழுங்காக இல்லை. சாயங்காலம் அம்மா வந்து, "பீரோவெல்லாம் பளபளன்னு இருக்குதே!" என்று மெச்சுவாள். எனக்கு அழுகை வரும்.

அப்போது வந்து சேர்ந்தவர்கள்தான் இந்த இரண்டு பேர். எங்களைப் போன்றவர்கள் இருக்கும் ஒரு வாட்ஸாப் குழுவில், "அரூர் பக்கம் யாராவது இருக்கீங்களா? காலையில வேலை செய்யறப்ப சும்மா கூட உக்கார ஆள் வேணும்" என்று ஒருவர் போட்டிருந்தார். அதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். கூட உட்கார ஆள்! இப்படியெல்லாம் வாய்விட்டுக் கேட்கலாமா?

கேட்டவர் அரூரில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன். ஆண்களை நேசிக்கிற ஆண். நாற்பத்திரண்டு வயசு. 'கல்யாணமே வேண்டாம்னு நேந்துக்கிட்டான்' என்று ஊரை நம்பவைத்திருக்கிறார். அவருக்கும் என் வியாதிதான். ஊருக்கெல்லாம் மனு டைப் அடித்துக் கொடுப்பார், தன்னுடைய ஆதாரில் பழைய விலாசத்தை மாற்ற நாலு வருஷமாக நேரம் கிடைக்கவில்லை. இன்னொருத்தி சித்தேரிக்காரி. திருநங்கை. மலையில் சாமையும் ராகியும் போட்டுக்கொண்டு தனியாக இருக்கிறாள். அவளுக்கு ஆட்டிசம். சொல்லிவிட்டு வராத சத்தமும், சொல்லாமல் மாறுகிற திட்டமும் ஆகாது. "சொல்லிட்டு மாத்துனாலும் எனக்கு ஆவாதுங்க்கா" என்பாள்.

தினமும் காலை ஆறிலிருந்து ஏழரை வரை வீடியோ கால். இதற்கு இங்கிலீஷில் பாடி டபுளிங் என்று பெயர் இருப்பதாக அண்ணன் கண்டுபிடித்துச் சொன்னார். நாங்கள் 'கூட உட்கார்றது' என்றே சொன்னோம். வீட்டில் யாராவது எட்டிப் பார்த்தால் பதில் சொல்ல முடியாது என்பதால் கேமராவை முகத்துக்கு வைக்கவில்லை, கைக்கு வைத்தோம். ஆளுக்கு ஒரு வரியில் இன்றைக்கு என்ன வேலை என்று சொல்ல வேண்டும். அப்புறம் பேச்சு கிடையாது. ஏழரைக்கு 'ஆச்சு' அல்லது 'ஆகல'. ஆகல என்றால் மற்றவர்கள் 'சரி' என்று மட்டும்தான் சொல்லலாம். ஏன் என்று கேட்கக் கூடாது. யோசனை சொல்லக் கூடாது. யோசனை சொல்ல எங்களுக்கு ஊர் முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

சித்தேரிக்காரிக்கு சிக்னல் ஒரு பாறை மேல்தான் கிடைக்கும். அங்கே உட்கார்ந்து கல்லால் புளியைத் தட்டிக் கொட்டை எடுப்பாள். அண்ணன் எதையாவது அடுக்குவார். நான் எழுதினேன். ஐயோ, நான் எழுதினேன்! முதல் நாள் நாலு வரி. பதினைந்தாம் நாள் ஒன்றரைப் பக்கம். யாரும் என்னை மிரட்டவில்லை, பாராட்டவில்லை, ஒரு வார்த்தை சொல்லித் தரவும் இல்லை. திரையில் இரண்டு ஜோடிக் கைகள் அதுபாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். என் கையும் வெட்கப்பட்டாவது நகர்ந்தது. ஏழு வருஷமாக என்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தேனே, அத்தனையும் வீண் என்று அப்போதுதான் புரிந்தது. கோபமாகவும் வந்தது, குதிக்கவும் தோன்றியது.

ஆன்லைன் கிளாஸ் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் அம்மா கதவோரம் ரொம்ப நேரம் நின்று கேட்டுவிட்டு, "என்ன கிளாஸுடி இது, வாத்தியாரு வாயே தொறக்க மாட்டேங்கறாரு? டொக்கு டொக்குன்னு இடிச்சுக்கிட்டே இருக்காரு?" என்றாள். "பிராக்டிகல்மா" என்றேன்.

கடைசி வெள்ளி வந்தது. முடிவுரையும் மேற்கோள் பட்டியலும் மட்டும் பாக்கி. மூன்று பேரும் நேரிலேயே உட்காரலாம் என்று முடிவு செய்தோம். அண்ணன் கடையிலேயே பிரிண்ட் எடுத்து, பைண்டிங் போட்டு, ஒன்றரை மணி பஸ்ஸில் சேலம் போனால் மூன்றரைக்குக் கல்லூரியில் இருப்பேன். ஒன்றரை மணி நேரம் மிச்சம் வைத்துப் போட்ட திட்டம். என் வாழ்க்கையில் நான் போட்ட திட்டங்களிலேயே அதுதான் உத்தமம்.

அரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது இரண்டு பேரின் முகமும் எனக்குத் தெரியாது. டீக்கடை ஓரத்தில் பைக்கை நிறுத்திவிட்டு நின்றிருந்த ஒரு பெண் டம்ளரைச் சுற்றிப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன். புளிக்கறை ஏறிய நகங்கள். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டு, என் கையை உற்றுப் பார்த்துவிட்டு, "அக்காவா?" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கடையில் அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கினார். மூன்று பேரின் போனையும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, மேல் தட்டில் வைத்தார். போன் கையில் இருந்தால் நாங்கள் உருப்பட மாட்டோம் என்று எங்களுக்கே தெரியும். ஒன்பது மணி. ஆளுக்கு ஒரு வரி சொன்னோம். நான் முடிவுரை. சித்தேரிக்காரி கொட்டை எடுத்த புளியில் நார் உரிப்பது. அண்ணன் வாடிக்கையாளர்கள் மறந்துவிட்டுப் போன ஒரிஜினல்களை ஊர்வாரியாக அடுக்குவது.

நேரில் உட்கார்வதன் வீரியம் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை! திரையில் தெரியும் கைகளே என்னை அவ்வளவு எழுத வைத்தனவென்றால், பக்கத்தில் மூச்சுவிடுகிற ஆட்கள் என்ன செய்வார்கள்? முடிவுரை எழுதினேன். முன்னுரையைத் திருத்தினேன். பட்டியலை முடித்தேன். அண்ணன் பிரிண்ட் எடுத்து மூன்று பிரதி பைண்டிங் போட்டு மேஜைமேல் வைத்தார். வேலை முடிந்தது. மிஞ்சிய நேரத்துக்கு மூன்று பேரும் மறுபடியும் உட்கார்ந்தோம். நான் பிரதியை எடுத்து எழுத்துப்பிழை பார்க்க ஆரம்பித்தேன். அவ்வளவுதான், மூழ்கிவிட்டேன்.

ஷட்டரை யாரோ படபடவென்று தட்டினார்கள். ஜாதிச் சான்றிதழ் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் குனிந்து எட்டிப் பார்த்து, "மணி மூணேகாலு ஆவுது, இன்னுமாங்க சாப்பாட்டு நேரம்?" என்றார்.

மூன்றேகால்! டப்பாவைத் திறந்தால் என் போன் வைப்ரேஷனில் அலாரத்தை அடித்து ஓய்ந்து கிடந்தது. அண்ணன் நேரம் பார்ப்பார் என்று நான் இருந்தேன். சித்தேரிக்காரி பார்ப்பாள் என்று அண்ணன் இருந்தார். "அக்கா பஸ்ஸுக்கு அக்காதான பார்ப்பாங்க?" என்று அவள் இருந்தாள். மணி என்றால் என்னவென்று தெரியாத மூன்று பேர், மணியை ஒருவரை நம்பி ஒருவர் விட்டிருக்கிறோம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் சத்தமாகச் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு.

"பஸ்ஸுல ஆவாதுங்க்கா. ஏறுங்க" என்று சித்தேரிக்காரி ஹெல்மெட்டை நீட்டினாள். சொல்லிவிட்டுத் திட்டத்தை மாற்றினாலும் ஆகாத பெண். அவளே பைக்கை எடுத்தாள். அண்ணன் பிரதிகளைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி என் மடியில் வைத்து, "நான் போனைக் கையிலயே வச்சிருக்கேன் கண்ணு, போங்க" என்றார். மலைப்பாதையில் தினமும் ஓட்டுகிறவள் மஞ்சவாடி கணவாயில் லாரிகளுக்கு நடுவே என்னைக் கொண்டுபோன விதத்தை அம்மா பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பாள். நான் கத்திக்கொண்டே போனேன். பயத்தில் பாதி, குஷியில் பாதி.

நாலு ஐம்பதுக்குக் கல்லூரி அலுவலகம். அங்கிருந்த கிளார்க் அம்மா கிளம்புவதற்குக் கைப்பையை எடுத்துவிட்டார். என்னைப் பார்த்ததும் உட்கார்ந்து, பிரதிகளைப் புரட்டி, "தாமதத்துக்கு விளக்கக் கடிதம் எங்கம்மா?" என்றார்.

அப்படி ஒன்று வேண்டும் என்று கல்லூரிக் கடிதத்தின் பின்பக்கத்தில் இருந்திருக்கிறது. நான் திருப்பிப் பார்க்கவில்லை.

"இங்கியே எழுதிக் குடு. 'தவிர்க்க முடியாத காரணம்'னு போடு, எல்லாரும் அதான் போடுவாங்க" என்று ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். ஒரே ஒரு வரி. எனக்குக் கை ஓடவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடியது. சித்தேரிக்காரி என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஹெல்மெட் வாரில் பிரிந்திருந்த நூலை ஒவ்வொன்றாகப் பிய்க்க ஆரம்பித்தாள். நான் பேனாவை எடுத்தேன்.

'தனியாக உட்கார்ந்து எழுத என்னால் முடியவில்லை. கூட உட்கார ஆள் கிடைக்க ஏழு வருஷம் ஆனது.' அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அந்த அம்மா படித்தார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இதெல்லாம் ஒரு காரணமாம்மா?" என்றார். "ஆமாங்க" என்றேன். முத்திரையை எடுத்துக் குத்தினார். வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, தேதி தபாலில் வரும் என்றார்.

வெளியே வந்து அண்ணனுக்குச் சொன்னோம். கடையில் ஆட்கள் இருப்பதை மறந்து அவர் போட்ட கூச்சல் ஸ்பீக்கர் போடாமலே கேட்டது. பிறகு சித்தேரிக்காரியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஓசூருக்கு போன் போட்டேன். ஒரு தடவை காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட உண்மையை மறுபடி மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

"நான் எம்.எஸ்சி. முடிக்கல. உன்கிட்ட சொன்னது பொய். புராஜெக்ட இப்பத்தான் குடுத்தேன். இன்னும் வைவா இருக்கு. தோத்தாலும் தோப்பேன்."

அந்தப் பக்கம் மிஷின் சத்தம் குறைந்துகொண்டே போனது, அவள் எங்கோ வெளியே நடந்து போகிறாள்.  எனக்கு ஜூன் மாதமே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

"நாலு வருஷமா இத ஒருத்தியாவே வச்சிக்கிட்டு இருந்தியாடி?" என்றாள். குரல் உடைந்திருந்தது. கோபமும் இருந்தது, நிறையவே இருந்தது. "வா, உனக்கு இருக்குது. வைவா என்னிக்குன்னு மொதல்ல சொல்லு, நான் லீவு சொல்லணும்."

"உன்னை உள்ள விட மாட்டாங்க" என்றேன்.

"உள்ள எதுக்கு? வெளிய பெஞ்சு இருக்குமில்ல?"