மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் குடும்பம்

கல்யாண வீடுகளில் பதினோரு வருஷம் கேமரா தூக்கி இடுப்பு போன பிறகு, குடும்பப் படங்களுக்கு மாறினேன். இனி மேடை கிடையாது, ட்ரோன் கிடையாது, பெண்ணுக்குக் கண்மை காயும்வரை மண்டபத்து வாசலில் நிற்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் போவோம், அவர்கள் வாழ்வதை எடுப்போம், சிட்லபாக்கம் திரும்பி மதியச் சோற்றைச் சூடாகச் சாப்பிடுவோம் என்று நினைத்தேன். ஆறே மாதத்தில் தெளிந்துவிட்டது. கல்யாணத்தில் நடிப்பவர்கள் ஒரு நாளோடு விட்டுவிடுவார்கள். வீட்டில் நடிக்க ஆரம்பித்தவர்களுக்கு முடிவே இல்லை.

"நேச்சுரலா வேணும் மேம்" என்று சொல்லாத வாடிக்கையாளர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. இயல்பாக இருப்பதற்காக முந்தின நாளே பார்லருக்குப் போய் வருவார்கள். கொடியில் காயும் துணியை எடுத்துக் குளியலறைக்குள் திணிப்பார்கள். அரிசி மூட்டையின் மேல் பெட்ஷீட் போர்த்துவார்கள். பிளாஸ்டிக் பொம்மையெல்லாம் பரணுக்குப் போய்விடும். யாரோ வாங்கிக் கொடுத்து இதுவரை பிரிக்காத மரப்பொம்மை நடு ஹாலுக்கு வரும். குழந்தை அந்த மரக்குதிரையை முதல்முறை பார்த்து முழிக்கும். அதைத்தான் நான் "தினசரி தருணம்" என்று எடுத்துக் கொடுப்பேன்.

நாவலூரிலிருந்து அந்தப் பெண் ஃபோன் செய்தபோதும் இதே பல்லவிதான். கணவன், மனைவி இருவரும் ஐ.டி. கம்பெனி. ஒரே மகள், ஐந்து வயது.

"போஸ் எதுவும் வேண்டாம் மேம். மாசம் ஒரு சண்டே வாங்க. நாங்க பாட்டுக்கு இருப்போம், நீங்க பாட்டுக்கு எடுங்க. இந்த வயசு திரும்ப வராதுல்ல?"

"வராதுதான்" என்றேன். இந்தத் தொழிலில் அதிகமாகச் சொல்லவேண்டிய பதில் அது.

முதல் ஞாயிறு போனேன். ஒன்பதாவது மாடி. ஓட்டல் அறையைப் போல் துடைத்து வைத்த வீடு. கணவர் இஸ்திரி கலையாத லினன் சட்டையில் தோசை வார்க்க நின்றார். தோசைக் கரண்டியை அவர் பிடித்த விதத்தைப் பார்த்தால், அதை யாரோ அப்போதுதான் அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. காபி கலக்கச் சொன்னேன். சர்க்கரைக்காக மூன்று கதவுகளைத் திறந்தார். மனைவி நான்காவது கதவைத் திறந்து டப்பாவை எடுத்து வைத்தார். நான் எதையும் சந்தேகப்படவில்லை. சர்க்கரை டப்பா எங்கே என்று தெரியாத கணவர்களை வைத்து நம் ஊரில் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

குழந்தை மட்டும் நடிக்கவில்லை. நான் இருந்த இரண்டு மணி நேரமும் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டே நடந்தது. அவர் உட்கார்ந்தால் மடியில் ஏறியது. எழுந்தால் தோளில் ஏறியது. படங்கள் பிரமாதமாக வந்தன. அவற்றை அந்தப் பெண் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். இரண்டு பக்கத்துப் பெற்றோரும் அந்தக் குழுவில் இருந்தார்கள். இதயம் இதயமாக வந்து விழுந்த ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்பி, "ஹேப்பி க்ளையன்ட்ஸ்!" என்றும் எழுதினார்.

மூன்றாவது ஞாயிறுதான் விஷயம் வெளிவந்தது, அதுவும் வாசல் கேட்டிலேயே. நான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு விசிட்டர் ரிஜிஸ்டரில் எழுதப் போனேன். எனக்கு முன்னால் பேனாவோடு குனிந்து நின்றது அந்தக் கணவர். கையில் இஸ்திரி போட்ட சட்டை, ஹேங்கரோடு.

செக்யூரிட்டிக்காரர் பக்கத்து ஊர்க்காரர். அவருக்கு எதையும் மெல்லப் பேசி வழக்கமில்லை. "சார், வண்டிய இங்க உடாதீங்க. விசிட்டர் பார்க்கிங் அந்தாண்ட கீது. போன மாசமும் கையெழுத்து போடாம பூட்டீங்க, அசோசியேஷன்ல என்னைத்தான் கேக்கறாங்கோ."

கணவர் கையெழுத்துப் போட்டார். வந்த காரணம் என்ற கட்டத்தில் "பர்சனல்" என்று எழுதினார். அதற்குக் கீழே நான் என் பெயரையும் அதே ஃப்ளாட் எண்ணையும் எழுதி, காரணம் "போட்டோ" என்று போட்டேன். அவர் காரை நகர்த்தப் போன இடைவெளியில் செக்யூரிட்டிக்காரர் என் பக்கம் சாய்ந்தார்.

"முன்ன இங்கதான் மேடம் இருந்தாரு. இப்ப பெருங்குடில தனியா வூடு எடுத்துகினு கீறாரு. நீங்க வர்ற அன்னிக்குத்தான் வராரு."

லிஃப்டில் நானும் அவரும் மட்டும். ஐந்தாவது மாடிவரை எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேம், உள்ள எதுவும் கேட்டுடாதீங்க, ப்ளீஸ்" என்றார். பிறகு வீட்டுக்குள் போய், குளியலறையில் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, சோபாவில் செய்தித்தாளை விரித்து வீட்டுக்காரராக உட்கார்ந்தார்.

அன்று சமையலறையில் மனைவி தானாகவே சொன்னார். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நாலு மாசம் ஆச்சு. என் மாமனாருக்கு பைபாஸ் பண்ணியிருக்காங்க. இப்ப சொன்னா தாங்க மாட்டார். எங்க வீட்ல சொன்னா அடுத்த நிமிஷம் அங்க போயிடும். கொஞ்ச நாள் போகட்டும்னு ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்கோம்."

நான் தலையை ஆட்டினேன். உண்மையைச் சொல்ல மனமில்லாத எல்லா வீட்டிலும் யாராவது ஒருவருக்கு இதயம் பலவீனமாக இருக்கும். அந்த ஒரு இதயத்தின் மேல் குடும்பம் முழுக்க ஏறி உட்கார்ந்துகொள்ளும். இதை அவரிடம் சொல்லவில்லை. "கொஞ்சம் ஜன்னல் பக்கம் வாங்க, லைட் நல்லாயிருக்கு" என்றுதான் சொன்னேன்.

என் கணவர் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். பகல் முழுக்க இரும்போடு பேசுகிறவர். அன்று சாயங்காலம் அவரிடம் சொல்லிப் புலம்பினேன்.

"உனக்கு இன்னா வந்துது?" என்றார். "சினிமாலகூடத்தான் புருஷன் பொண்டாட்டியா நடிக்கிறாங்கோ. கேமராமேன் அழுதுகினா கீறான்?"

எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அடுத்த மாத ஞாயிறும் போனேன். தோசையைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு இந்த முறை செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பால்கனியில் இருந்த மணி பிளான்ட்டுக்கு அந்த மாதம் கிடைத்த முதல் தண்ணீர் அதுவாகத்தான் இருக்கும். கணவன் ஊற்ற, மனைவி சிரிக்க, குழந்தை நனைய, நான் எடுத்தேன். கிளம்பும்போது குழந்தை லிஃப்ட் வரை என் பின்னாலேயே வந்தது.

"ஆன்ட்டி, நாளைக்கும் போட்டோ எடுக்க வருவீங்களா?"

"அடுத்த மாசம்தான்டா கண்ணு."

"நாளைக்கு வாங்க. நான் அழ மாட்டேன். எப்படிச் சொன்னாலும் சிரிக்கிறேன்."

நான் ஒரு கோழை. "கேமராவுக்கு சார்ஜ் போடணும்" என்றேன்.

"எத்தனை நாள் போடணும்?" என்று கேட்டது. அதற்குள் லிஃப்ட் கதவு சாத்திக்கொண்டது.

அத்தோடு இந்த வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. ஐந்தாவது ஞாயிறு போனபோது கணவர் இல்லை. ஹைதராபாத்தில் ஏதோ ஆபீஸ் வேலையாம். குழந்தை தலைவாரிப் பூ வைத்து, கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. மனைவி என்னைத் தனியே அழைத்தார்.

"பழைய ஃபைல் எல்லாம் உங்ககிட்ட இருக்குல்ல மேம்? அதுலேருந்து அவரை எடுத்து, இதுல... பண்ண முடியுமா? இந்த மாசம் ஒண்ணும் போடலைன்னா மாமியார் கேப்பாங்க."

முடியாது என்று சொல்ல வாய் திறந்தேன். வெளியே வந்தது, "வெளிச்சம் ஒரே பக்கத்திலேருந்து வந்தா சுலபமா முடியும்" என்பது. வேலை தெரிந்தவர்களின் சாபம் இதுதான். செய்யலாமா என்று யாரும் யோசிப்பதில்லை, செய்ய முடியுமா என்றுதான் யோசிப்போம். இரண்டு பகல் உட்கார்ந்து, முதல் மாதத்துக் கணவரை ஐந்தாம் மாதத்து சோபாவில் உட்கார வைத்தேன். மெத்தை அவருடைய கனத்துக்கு அமுங்கியதுபோல் நிழல் போட்டேன். குழந்தையின் தோளில் அவர் கையை வைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக எதையும் ஒட்டியதில்லை.

"இதுவரைக்கும் எடுத்ததுலேயே இதுதான் மேம் ரொம்ப நேச்சுரலா இருக்கு" என்று பதில் வந்தது. அந்த அம்மாள், அதாவது மாமியார், குழுவில் எழுதியிருந்தாராம்: "போன மாசத்தைவிட இந்த மாசம் முகம் தெளிஞ்சிருக்கு." தெளியாமல் என்ன செய்யும்? அது நான்கு மாதத்துக்கு முந்தைய முகம்.

ஆறாவது ஞாயிறு கணவர் வந்திருந்தார். அவர் சட்டை மாற்றும் நேரத்தில் நான் டேப்லெட்டில் அந்த ஒட்டுப்படத்தை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை எட்டிப் பார்த்தது.

"அப்பா அன்னிக்கு வரவே இல்லையே. இதுல எப்படி இருக்காங்க?"

பேச்சை மாற்றியிருக்கலாம். ஆனால் செய்த வேலையை யாரிடமாவது காட்டவேண்டும் என்று எனக்குக் கை அரித்துக்கொண்டே இருந்தது. அவ்வளவு நன்றாகச் செய்ததை யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்ததுதான் காரணம், வேறு எந்த நல்ல எண்ணமும் இல்லை. ஒட்டுவதற்கு முந்தைய படத்தையும் பக்கத்தில் வைத்தேன். "பாரு, இதுல உன் பக்கத்துல வெறும் சோபா. இதுல அப்பா. ஆன்ட்டி கம்ப்யூட்டர்ல எடுத்து ஒட்டிட்டேன். கண்டுபிடிக்க முடியுதா?"

குழந்தை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. சிரிக்கவில்லை.

அந்த வாரமே வீடியோ காலில் பாட்டி கேட்டிருக்கிறார், அப்பாவோடு சோபாவில் உட்கார்ந்து என்ன விளையாடினாய் என்று. "அப்பா வரலை. போட்டோ ஆன்ட்டி கம்ப்யூட்டர்ல ஒட்டினாங்க. அப்பா போட்டோ அன்னிக்கு மட்டும்தான் வருவாங்க" என்று குழந்தை வரிசையாகச் சொல்லிவிட்டது. மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கணவர் எனக்கு ஃபோன் செய்தார். "சின்னக் குழந்தைகிட்டப் போய் இதையெல்லாம் காட்டலாமா மேம்?" என்றார். ஆறு மாதம் அந்தக் குழந்தையை மாதச் சம்பளக்காரர் போல் வைத்து நடத்திய மனிதர் என்னைக் கேட்கிறார் என்று கோபம் வந்தது. திட்டுவதற்கு வார்த்தையும் வந்தது. ஆனால் தப்பு என்னுடையது. "மன்னிச்சிடுங்க" என்றேன். அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

எல்லோரும் பயந்ததுபோல் எதுவும் நடக்கவில்லை. பெரியவரின் இதயம் அவர்கள் சொன்னதைவிடக் கெட்டி. கோயம்புத்தூரிலிருந்து தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி வந்தார். நாவலூர்ப் பெண்ணின் பெற்றோரும் வந்தார்கள். ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினார்களாம், கொஞ்சம் கத்தினார்களாம். சேர்ந்து வாழச் சொல்லி இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாவதாக, குழந்தை யாரிடம் எந்தெந்த நாள் இருக்கும் என்று பெரியவர் கேட்டிருக்கிறார். அதுவரை அந்தக் கேள்வியை அவர்கள் இருவரும் கேட்டுக்கொள்ளவே இல்லை. எந்த மாதம் என்ன நிறச் சட்டை என்று மட்டும் பேசி வைத்திருந்தார்கள். இப்போது சனி, ஞாயிறு குழந்தை பெருங்குடியில். மாதம் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் கிடைத்த அப்பா, வாரம் இரண்டு நாள் கிடைக்கிறார். இதையெல்லாம் மனைவிதான் ஃபோனில் சொன்னார். கடைசியில், "இனிமே போட்டோ வேண்டாம் மேம்" என்றார். முதல்முறையாக அவர் குரல் எனக்குப் பிடித்தது.

இரண்டு மாதம் கழித்துக் கணவரிடமிருந்து ஒரு செய்தி. நான் கொடுக்காத படங்கள், சரியில்லை என்று ஒதுக்கியவை, எதுவாக இருந்தாலும் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். முதலில் "குழந்தைக்காக" என்று எழுதி அனுப்பினார்; நான் படித்த பிறகு அதை அழித்துவிட்டு, "எனக்காக" என்று திருத்தினார்.

ஒதுக்கியதை நான் வைத்திருப்பதில்லை. கண் மூடியது, கை ஆடியது, யாராவது வாயைக் கோணியது எல்லாவற்றையும் அந்த வாரமே அழித்துவிடுவேன். ஆறு ஞாயிறு அவர்கள் உண்மையாக இருந்த நிமிஷங்கள் அத்தனையும் அப்படித்தான் போயிருந்தன. இருந்தாலும் பைகளைத் துழாவினேன். ஒரு பழைய மெமரி கார்டு அழிக்காமல் கிடந்தது. நான்காவது ஞாயிறு, வேலை ஆரம்பிக்கும் முன் வெளிச்சம் பார்க்கச் சும்மா தட்டிய ஏழு படங்கள். நான் எடுப்பது அவர்களுக்குத் தெரியாது.

நான்கு உதவாதவை. ஒன்றில் சோபாவின் கை மட்டும். இன்னொன்றில் வெறும் சுவர். மிச்சம் இருந்த ஒன்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த நூலை அவள் கிள்ளி எடுக்கிறாள். அவர் முகவாயைத் தூக்கிக் காட்டியபடி வேறெங்கோ பார்க்கிறார். இரண்டு பேர் முகத்திலும் அன்பும் இல்லை, கோபமும் இல்லை. வேலைக்குக் கிளம்பும் நேரத்துச் சலிப்புதான். கீழே குழந்தை ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டுக்கொண்டு, மற்றொன்றைச் சோபாவுக்கு அடியில் தேடுகிறது. ஃபோகஸ் அதன் குதிகாலில் நிற்கிறது. பின்னால் குளியலறைக் கதவு திறந்து, திணித்து வைத்த துணி மூட்டை தெரிகிறது. எந்த வாடிக்கையாளருக்கும் நான் அதைக் கொடுத்திருக்க மாட்டேன்.

அனுப்பினேன். அன்று மத்தியானமே மனைவியிடமிருந்து ஃபோன். அவர் அந்தப் படத்தை அவளுக்கும் அனுப்பியிருக்கிறார்.

"இதை ஏன் மேம் அப்பவே தரல?"

"ஃபோகஸ் சரியா இல்ல."

"பரவாயில்ல. பிரிண்ட் போட்டு ஒண்ணு அனுப்புங்க. எதையும் சரி பண்ணாதீங்க, அந்தத் துணி மூட்டையும் இருக்கட்டும்."

மறுநாள் கணவரும் அதே படத்துக்கு ஒரு பிரிண்ட் கேட்டார். இரண்டையும் ஒரே அளவில் போட்டு, கூரியரில் ஒன்றை நாவலூருக்கும் ஒன்றைப் பெருங்குடிக்கும் அனுப்பினேன்.